மருத்துவமும் பொதுச் சேவையும்: ஓர் ஆட்சியை எதை வைத்து எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் பல வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். மருத்துவம், குடிநீர், கழிவுநீர் என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், அரசு செய்தது சரியா தவறா என்று வாக்குவாதம் முற்றும்போது யாராவது என் பக்கம் திரும்பிக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சீட்டோடு நிற்பவரின் பக்கம் நின்று எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஆட்சியை ஒருவர் சாதனை என்கிறார், இன்னொருவர் சீரழிவு என்கிறார். யாரை நம்புவது?

பெரும்பாலும் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், நிற்கும் இடம்தான் வேறு. அமைச்சர் பேசுவது உள்ளே போனதைப் பற்றி: இவ்வளவு நிதி, இத்தனை கட்டடம், இத்தனை படுக்கை, இத்தனை ஆம்புலன்ஸ். நோயாளி பேசுவது தன் கைக்கு வந்ததைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. கட்டடம் திறந்தாயிற்று, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் நியமனம் ஆகவில்லை என்றால் அறுவை அரங்கு பூட்டியே கிடக்கும். ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கியாயிற்று, பராமரிப்பு ஒப்பந்தம் போடவில்லை என்றால் முதல் கோளாறிலேயே துணி போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். திறப்பு விழாவும் உண்மை, திரும்பிப் போன நோயாளியும் உண்மை.

நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். தேவைப்பட்டவர்களில் கடைசி ஆள்வரை அது போய்ச் சேர்ந்ததா? சேரவில்லை என்று ஒருவர் வந்து சொன்னபோது அரசு என்ன செய்தது? இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. தவறு எல்லா ஆட்சியிலும் நடக்கிறது. முதல் புகாரை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் ஆட்சிக்கு ஆட்சி வேறுபாடு தெரிகிறது.

அரசு தரும் புள்ளிவிவரத்தை நம்பலாமா?

எப்படி எண்ணினார்கள் என்று தெரிந்தால் நம்பலாம். என் கவுண்டரில் நடந்ததையே சொல்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு முப்பது நாள் மாத்திரை எழுதிய ஓ.பி. சீட்டு வரும். ஸ்டாக் குறைவாக இருந்தால், எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று பத்து நாளைக்குக் கொடுத்து, “மிச்சத்தை வெளியில வாங்கிக்கோங்கம்மா” என்று அனுப்பிவிடுவோம். பதிவேட்டில் “வழங்கப்பட்டது” என்று ஒரு டிக். மாதக் கடைசியில் அறிக்கை மேலே போகும்: வந்தவர்கள் அனைவருக்கும் மருந்து வழங்கப்பட்டது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

அடுத்த படி இதைவிட மோசம். அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று இண்டென்ட் போடும்போது, போன காலாண்டில் எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான் போடுவோம். கொடுத்ததே மூன்றில் ஒரு பங்கு. அந்த மூன்றில் ஒரு பங்கே “தேவை” என்று எழுத்தில் ஏறிவிடும். கொடுக்காத மருந்து எந்தக் கணக்கிலும் இல்லை, கணக்கில் இல்லாததால் அது வரவும் வராது. மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாம் சீராகத் தெரியும்.

ஒருநாள் ஒரு மூதாட்டி காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து எனக்குக் காட்டினார். உள்ளே பிளேடால் பாதி பாதியாக நறுக்கிய மாத்திரைகள். ஓரங்கள் உதிர்ந்து காகிதத்தில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருந்தன. தலை சுற்றும் நாளில் மட்டும் பாதி போட்டுக்கொள்வாராம். “பத்து நாள் மாத்திரையை முப்பது நாளைக்கு வெச்சுக்கணும்ல, அதான்” என்றார். எங்கள் பதிவேட்டின்படி அவர் முழுமையாகச் சேவை பெற்றவர்.

எண்ணும் முறையே அரசியல் என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நன்றாக அறிந்திருந்தார். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை, மருத்துவமனையில் பரவிய தடுக்கக்கூடிய நோய்களால் செத்தார்கள் என்பதை 1858ல் வரைபடம் போட்டுக் காட்டினார். விளக்கேந்திய செவிலி என்று மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பது அநியாயம். எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் கணக்குத் தர வேண்டும் என்று 1860களிலேயே போராடியவர் அவர்.

நம் காலத்திலும் இதே கதைதான். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொரோனாவால் இறந்தவர்கள் என்று நாடுகள் அறிவித்த மொத்தம் சுமார் 54 லட்சம். வழக்கமாக எதிர்பார்க்கப்படும் சாவுகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டபோது வந்தது சுமார் 1 கோடியே 49 லட்சம். சில அரசுகள் அந்தக் கணிப்பு முறையை ஏற்கவில்லை, அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் பரிசோதனையே செய்யாமல் வீட்டில் இறந்தவர் எந்த அறிவிப்பிலும் இருக்க மாட்டார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இலக்கு வைத்து வேலை வாங்கினால் சேவை மேம்படும் அல்லவா?

ஓரளவு மேம்படும். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை 4 மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்று 2000களில் இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஏராளமான நோயாளிகள் சரியாக நாலாவது மணி முடியும் கடைசிச் சில நிமிடங்களில் வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பப்பட்டார்கள். நோய்க்குக் கடிகாரம் தெரியாது, இலக்குக்குத் தெரியும்.

அதே நாட்டில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தது இதன் இருண்ட பக்கம். நிர்வாகத்தின் கவனம் முழுக்க நிதிக் கணக்கிலும், தன்னாட்சித் தகுதி பெறுவதிலும், இலக்குகளிலும் இருந்தது. செவிலியர் எண்ணிக்கை போதவில்லை. நோயாளிகள் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமலும், அசுத்தமான படுக்கையில் மணிக்கணக்காகவும் கிடந்தார்கள். தாயை அங்கே இழந்த ஜூலி பெய்லி என்ற பெண் மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு விடாமல் போராடினார். கடைசியில் பொது விசாரணை நடந்தது. 2013 பிப்ரவரியில் வெளியான ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கையில் 290 பரிந்துரைகள். என்னை உறுத்துவது இதுதான்: காகிதத்தில் தேறிக்கொண்டிருந்த மருத்துவமனை அது. வார்டில் என்ன நடக்கிறது என்று நோயாளிகளின் பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

பட்ஜெட்டில் கூடுதல் நிதி ஒதுக்கியிருக்கிறார்களே, அது போதாதா?

ஒதுக்கீடு ஒரு வாக்குறுதி. திருத்திய மதிப்பீட்டில் அது எவ்வளவாகக் குறைந்தது, உண்மையில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது, எந்த மாதத்தில் செலவானது என்று பார்க்க வேண்டும். நிதியாண்டின் கடைசி மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழித்த பணத்தில் நல்ல மருந்து கொள்முதல் நடந்து நான் பார்த்ததில்லை. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவில்லை.

இலவசமாகக் கொடுத்தால் தேவையில்லாத கூட்டம் சேராதா? சிறு கட்டணம் வைத்தால் என்ன?

இந்தக் கேள்வியை நல்ல மனதுள்ளவர்களும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும், அது உண்மை. குறைவது யார் என்பதுதான் கேள்வி. தேவையில்லாமல் வருபவரைத் தனியாகப் பிரித்து நிறுத்தும் கட்டணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பணம் இல்லாதவரை அது நிறுத்துகிறது. அவர் நோய் முற்றிய பிறகு வருவார், அப்போது செலவு பல மடங்கு.

உகாண்டா 2001ல் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை நீக்கியது. உடனே வருகை கூடியது, குறிப்பாக ஏழைகளின் வருகை. அதற்கு முன் இந்த மக்கள் எங்கே போனார்கள்? வீட்டிலேயே கிடந்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஏழைக் குடும்பங்கள் மருத்துவத்துக்காகக் கடனில் விழுவது எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். நிலையத்தில் மருந்து தீர்ந்துபோனால் வெளியே வாங்கத்தான் வேண்டியிருந்தது என்பதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். “வெளியில வாங்கிக்கோங்கம்மா” என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நுழைவு இலவசம், மருந்து இல்லை என்றால் கட்டணம் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 2002ல் அனைவருக்குமான காப்பீட்டைக் கொண்டு வந்தபோது ஒரு வருகைக்கு 30 பாட் என்று வைத்தார்கள், ஏழைகளுக்கு அதிலும் விலக்கு. திட்டம் அந்த 30 பாட்டில் ஓடவில்லை. வரிப் பணத்திலிருந்து தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் கிராமப்புறங்களில் மருத்துவமனைகளைக் கட்டி, புதிதாகப் படித்து முடித்த மருத்துவர்களைக் கட்டாயமாக அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். அந்த அடித்தளம் இல்லாமல் காப்பீட்டு அட்டையை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் அரசுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சண்டை பழையது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. அதை உருவாக்கிய அமைச்சர் அனியூரின் பெவன், மூன்றே ஆண்டுகளில், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்று தன் கட்சி அரசே முடிவெடுத்தபோது பதவியைத் தூக்கிப் போட்டார். ஒரு மூக்குக் கண்ணாடிக்காகவா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. சீட்டை வைத்துக்கொண்டு எழுத்துத் தெரியாமல் கண்ணைச் சுருக்கும் முதியவரைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

தனியாரிடம் ஒப்படைத்தால் திறமையாக நடக்குமே?

சில வேலைகள் நடக்கும். சலவை, இயந்திரப் பராமரிப்பு போன்றவற்றில் தெளிவான ஒப்பந்தமும், அதைப் படித்துக் கண்காணிக்கத் தெரிந்த அரசு அதிகாரியும் இருந்தால் பயன் உண்டு. அந்த அதிகாரி இல்லையென்றால் ஒப்பந்தமே எஜமானாகிவிடும். ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவின் தலைநகர் மசெருவில் அரசும் தனியாரும் சேர்ந்து கட்டிய மருத்துவமனை 2011ல் திறந்தது. சிகிச்சைத் தரம் கூடியதாகப் பாராட்டு வந்தது. 2014ல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம், நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் ஏறத்தாழப் பாதியை இந்த ஒற்றை மருத்துவமனை விழுங்குகிறது என்றது. அவ்வளவு இல்லை என்று மறுப்பு வந்தது. 2021ல் 18 ஆண்டு ஒப்பந்தம் பாதியிலேயே முறிந்தது. தலைநகரில் நல்ல மருத்துவமனை வந்ததற்கு நான் மகிழ்வேன். அதற்கான பணம் மலைக்கிராமத்துச் சிறு நிலையங்களின் பங்கிலிருந்து போகிறதா என்றும் கேட்பேன்.

மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் யார் பக்கம் நிற்பது?

கோரிக்கையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆள் போதவில்லை, கையுறை இல்லை, 24 மணி நேரப் பணி தாங்கவில்லை என்பது நோயாளிக்கான கோரிக்கையும்தான். எல்லா வேலைநிறுத்தமும் அப்படி இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1962 ஜூலை 1 அன்று எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியபோது, அதை எதிர்த்து மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது, கடைசியில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து உடன்பாடு வந்தது. சில ஆண்டுகளில் கனடா முழுவதுமே அந்த வழிக்கு வந்தது.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது? யாரும் கேட்பதில்லையே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்ற நகரம். கடனில் இருந்த அந்த நகரத்தை மாநில அரசு நியமித்த அதிகாரி நிர்வகித்தார். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து ஈயம் தண்ணீரில் கலந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ஏற்பட்ட பாதிப்பு பிறகு நீங்காது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. பழுப்பேறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். குழந்தைகளுக்குத் தோலில் தடிப்பு என்றார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் எங்கள் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று அதைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. இரும்பை அரிக்கிறது என்றதும் ஆலைக்கு வேறு தண்ணீர் கிடைத்தது. குழந்தைகள் அதையே மேலும் ஒரு வருடம் குடித்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. அவர் வீட்டுக் குழாயில் 2015 தொடக்கத்தில் எடுத்த சோதனைகளில் ஒன்றில் ஈயம் நூறு கோடிக்கு 397 பங்கு. அப்போதைய விதிப்படி நடவடிக்கை எடுத்தே தீர வேண்டிய அளவு 15. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழுவோடு சேர்ந்து அவரும் அண்டை வீட்டார்களும் நூற்றுக்கணக்கான வீடுகளில் மாதிரி எடுத்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா தன் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாறிய பிறகு குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் அவர் கணக்கைக் குறை சொன்னார்கள். சில நாட்களில் தங்கள் கையிலிருந்த தரவும் அதையே சொல்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பி வந்தது.

பதினெட்டு மாதம். முதல் பாட்டிலை யாராவது வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும். புகார் கொடுத்துப் பயன் உண்டா என்று கேட்டால், தனியாகக் கொடுத்த புகார் தாமதமாகும், அளந்து, சேர்ந்து, பதிவோடு கொடுத்த புகாரைத் தள்ளிவிடுவது கடினம் என்பதுதான் ஃபிளிண்ட் மக்கள் காட்டியது.

அரசைக் குறை சொன்னால் ஊழியர்களின் மனம் உடையாதா? நெருக்கடி நேரத்தில் பேசாமல் இருப்பதுதானே பொறுப்பு?

நானே ஊழியனாக இருந்தவன். மருந்து இல்லை என்று யாராவது உரக்கச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியவர்கள் நாங்கள். ஜன்னலில் வசவு வாங்குவது எங்களுக்கு, மருந்து அனுப்பாதவருக்கு அல்ல. ஊழியரைத் திட்டுவதும் அமைப்பைக் கேள்வி கேட்பதும் வேறு வேறு.

நெருக்கடியில் பேச்சை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஊஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங் போதும். 2019 டிசம்பர் 30 அன்று உடன் படித்த மருத்துவர்களுக்கு, சார்ஸ் போன்ற தொற்று வருகிறது, கவனமாக இருங்கள் என்று செய்தி அனுப்பினார். நான்கு நாளில் காவல்துறை அழைத்து, வதந்தி பரப்பினார் என்று கண்டித்து எழுதி வாங்கியது. அந்தத் தொற்றுதான் கொரோனா. அவர் அதே நோயால் 2020 பிப்ரவரி 7 அன்று இறந்தார். கண்டனத்தை மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள்.

சுகாதாரக் கொள்கையை நீதிமன்றம் தீர்மானிக்கலாமா?

வழக்கமாகக் கூடாது, சில நேரம் வேறு வழி இருக்காது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைக் குறைக்கும் நெவிராபின் என்ற மருந்தைத் தென்னாப்பிரிக்க அரசு சில சோதனை மையங்களில் மட்டும் கொடுத்தது. அதைத் தயாரித்த நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தும் அப்படி. சிகிச்சைக்கான செயல் இயக்கம் என்ற மக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. மற்ற அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்கத் தடையில்லை, கொடுங்கள் என்று 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000 முதல் 2005 வரை அந்த அரசு எச்.ஐ.வி. மருந்துகளைத் தாமதித்ததால் 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008ல் மதிப்பிட்டார்கள். இது கொள்கை வேறுபாடு என்று கடந்து போகக்கூடிய விஷயம் அல்ல.

மருத்துவ விஷயத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன தெரியும்? நிபுணர்களிடம் விட்டுவிடலாமே.

எந்த மருந்து என்பதை நிபுணர் சொல்லட்டும். மருந்து கிடைத்ததா என்பதை வாங்க வந்தவர்தான் சொல்ல முடியும். நிபுணர் குழுவும் தவறும். 1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, காரணம் அங்கிருந்த அடிபம்புத் தண்ணீர் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாகச் சாவுகளைக் கணக்கெடுத்துச் சொன்னார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று நம்பிய அன்றைய சுகாதார வாரியம் அவர் விளக்கத்தை ஏற்கவில்லை. 1858ல் ஸ்னோ இறக்கும்வரை அது பரவலாக ஏற்கப்படவே இல்லை.

பிரேசிலில் மக்களைச் சட்டப்படியே உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். 1988 அரசியலமைப்பு சுகாதாரத்தை உரிமை என்றது. 1990ல் வந்த சட்டம், நகராட்சி முதல் நாடு வரை சுகாதார மன்றங்களை அமைத்து, பாதி இடங்களைச் சேவையைப் பயன்படுத்தும் மக்களின் பிரதிநிதிகளுக்குக் கொடுத்தது.

மக்களை உட்கார வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களை எடுத்து, அவற்றில் பாதியில் ஊர் மக்களும் ஊழியர்களும் சேர்ந்து நிலையத்துக்கு மதிப்பெண் அட்டை போட வைத்தார்கள். சிறு குழந்தைகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009ல் வெளியான ஆய்வு சொன்னது. பின்னர் அதே முறையை அதைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்தபோது சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. கூட்டம் போட்டுப் பேசியதைச் செய்து முடிக்க மேலே அதிகாரமும் பணமும் வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் நாடு தரவரிசையில் இத்தனையாவது இடம் என்கிறார்களே?

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே 2000ல் எல்லா நாடுகளின் மருத்துவ அமைப்பையும் வரிசைப்படுத்தி, பிரான்சை முதலிடத்தில் வைத்தது. எண்களைச் சேர்த்த முறை பற்றி இவ்வளவு கண்டனம் வந்ததால் மறுபடி அதைச் செய்யவே இல்லை.

எல்லாம் பழைய ஆட்சியின் தவறு என்றால்?

பல நேரம் அது உண்மைதான். சாக்கடையும் மருத்துவக் கல்லூரியும் பலன் தரப் பத்து, இருபது ஆண்டு ஆகும். லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியபோதுதான் பொறியாளர் ஜோசப் பஸால்கெட்டின் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பணம் வந்தது. 1866ல் மறுபடி காலரா வந்தபோது, புதிய சாக்கடை இணைந்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. இன்னும் இணைக்கப்படாத கிழக்குப் பகுதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழைத் தொழிலாளர் பகுதி அது. ஆகவே பழைய ஆட்சியைச் சொல்லும் அரசிடம், நீங்கள் வந்தபின் எந்தப் பகுதியை முதலில் எடுத்தீர்கள், எதைக் கடைசியாக வைத்தீர்கள் என்று கேட்கலாம்.

வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கும், சந்தையின் கையில் விட விட அது இன்னும் மோசமாகும். 2021 நிலவரப்படி உலகில் சுமார் 450 கோடிப் பேருக்கு அடிப்படை மருத்துவச் சேவைகள் முழுமையாக எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சொல்கின்றன.

புகாரை எப்படி எழுதினால் எடுபடும்?

“மருத்துவமனை சரியில்லை” என்று எழுதினால் “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று பதில் வரும். தேதி, வந்த நேரம், எந்த ஜன்னல், சீட்டில் எழுதியது எவ்வளவு, கையில் கொடுத்தது எவ்வளவு, கொடுக்காததற்கு என்ன காரணம் சொன்னார்கள், வெளியே வாங்கியதற்கு ரசீது. ஊழியர் பெயரை எழுத வேண்டாம், அவரிடம் பெரும்பாலும் அதைச் சரிசெய்யும் அதிகாரம் இல்லை. பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அதே மாதம் அதே மருந்து கிடைக்காத இன்னும் நான்கு பேரும் எழுதினால், அது ஒருவரின் மனக்குறை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருவர் எழுதிய காகிதத்தால் ஏதாவது மாறியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு முறை. பாதி மாத்திரை மூதாட்டியின் மகள் எழுதினார். மேலே சொன்னபடியே, தேதி போட்டு, முப்பது எழுதிப் பத்து கொடுத்தார்கள் என்று மூன்று மாதச் சீட்டுகளை இணைத்து. கண்காணிப்பாளர் என்னைப் பதிவேட்டோடு கூப்பிட்டார். பதிவேட்டில் டிக் மட்டும் இருந்தது. எத்தனை பேருக்குக் குறைத்துக் கொடுத்தோம் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கொடுத்ததை மட்டுமே எழுதிவந்தேன்.

அன்று மாலை பென்சிலும் அடிக்கோலும் எடுத்து, பதிவேட்டில் ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். எழுதியது, கொடுத்தது. ஒரு சீட்டுக்கு இரண்டு எண். வரிசை கொஞ்சம் மெதுவாக நகர்ந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். அடுத்த இண்டென்ட்டை இடது பக்க எண்ணை வைத்துப் போட்டேன். மேலிருந்து, திடீரென்று தேவை மூன்று மடங்கானது ஏன் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இரண்டு கட்டத்தையும் நகலெடுத்து அனுப்பினோம். சரக்கு வர ஏழு மாதம் ஆயிற்று, அதிலும் கேட்டது முழுவதும் வரவில்லை. முப்பது மாத்திரையையும் அட்டையோடு கொடுத்த நாளில் அந்த மகள்தான் வந்திருந்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நடமாட்டம் குறைந்துவிட்டது, வீட்டில் இருக்கிறார் என்றார். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.